பாலத்துக்கு அடியில படகு எப்படிப் போகும், டீச்சர்?

மண்டபம் பக்கத்து அங்கன்வாடி டீச்சர்:

விஞ்ஞானி, இன்ஜினியர் என்றால் யார் என்று சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்டால், நான் சொதப்பியதை முதலில் சொல்லிவிடுகிறேன். "பெரியாளாகி என்ன ஆகப் போறீங்க?" என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் போலீஸ், டாக்டர், டீச்சர், இந்த மூன்றைத் தாண்ட மாட்டார்கள். ஒருவன் மட்டும் "பஸ்" என்பான். டிரைவர் இல்லை, பஸ்ஸேதான். சரி, விஞ்ஞானி என்றால் யார் என்று காட்டுவோம் என ஒருநாள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு போய் நின்றேன். ஊசி போட ஆள் வந்துவிட்டது என்று நாலு பேர் ஓவென்று அழுதார்கள். மூன்று வயதுப் பிள்ளையிடம் வேலையின் பெயரிலிருந்து ஆரம்பிப்பதே தப்பு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்புறம் ஒரு மழை நாள். வெளியே விட முடியாது. மூலையில் கிடந்த காலி முட்டை அட்டைகளை எடுத்துப் போட்டேன். இரண்டு அடுக்கு, மேலே நீளமாக ஒரு அட்டை, பாலம் ரெடி. பாம்பன் எங்களுக்குப் பக்கம், பாலம் பார்க்காத பிள்ளை கிடையாது. தீப்பெட்டி ரயில் ஓட ஆரம்பித்தது. மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, நாலு வயது, கொட்டாங்கச்சியில் கொடியாக ஒரு ஈர்க்குச்சி நட்டுப் படகு கொண்டுவந்தாள். குச்சி பாலத்தில் இடித்தது. "பாலத்துக்கு அடியில படகு எப்படிப் போகும், டீச்சர்?"

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதுதான் கஷ்டமான வேலை. ஒருவன் குச்சியைப் பிடுங்கப் போனான், அவன் கையில் ஒரு அடி. "கொடிய எடுத்தா அது எங்கப்பா படகு இல்ல!" அட்டையை இன்னும் நாலு அடுக்கு ஏற்றினார்கள். இப்போது படகு போனது, ரயில் ஏற முடியாமல் சறுக்கியது. கடைசியில் அவளே நடு அட்டையைக் கையால் மேலே தூக்கிப் பிடித்தாள். கை வலித்ததும் என்னைப் பார்த்தாள். ஜன்னல் கம்பியில் ஒரு நூல் கட்டையை மாட்டி, கிணற்று ராட்டினம் மாதிரி சணல் போட்டுக் கொடுத்தேன். மறுமுனையில் ஒரு மண் பொட்டலம். ஒரு விரலால் இழுத்தாள், பாலம் ஏறிவிட்டது!

அதற்குப் பிறகுதான் கதை சொன்னேன். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே எழும், அதை ஆட்கள் கையால் சுற்றித் திறப்பார்கள். இந்தப் பிள்ளைகளின் தாத்தாக்கள் பார்த்த காட்சி அது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு இரண்டு கோபுரங்களுக்கு நடுவே அப்படியே 17 மீட்டர் உயரும். அங்கேயும் நம் மண் பொட்டலம் மாதிரி எதிர் எடை உண்டு. "இதை யோசிச்சு வரையறவங்களத்தான் இன்ஜினியர்னு சொல்றாங்க. இப்ப நீ செஞ்சது அவங்க வேலை" என்றேன். கையில் சணல் இருக்கும்போது சொன்னதால் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது.

கோவை, பம்ப் கம்பெனியில் டிசைன் இன்ஜினியராக இருக்கும் ஒரு அம்மா:

டீச்சர், உங்கள் வெள்ளைக் கோட்டுக்குச் சிரித்துவிட்டு என் கதைக்கு வருகிறேன். என் மகளின் எல்கேஜி வகுப்புக்கு ஒரு பழைய பம்ப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்பேனரைக் கையில் கொடுத்ததும் இருபது பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். உள்ளே தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லரைப் பார்த்து "ஃபேன்!" என்றார்கள். தப்பே இல்லை. எல்லாம் கழற்றி முடித்த பிறகு ஒரு பையன் கேட்டான்: "இன்ஜினியர் அங்கிள் எப்ப வருவாரு?"

1983-இல் டேவிட் வேட் சேம்பர்ஸ் வெளியிட்ட ஆய்வு ஞாபகம் வந்தது. 4,807 குழந்தைகளை ஒரு விஞ்ஞானி வரையச் சொன்னதில் பெண் விஞ்ஞானி இருந்த படங்கள் 28. அந்த 28-ஐயும் வரைந்தது பெண் பிள்ளைகள். கோட்டு, கண்ணாடி, தாடி என்ற அச்சு இரண்டாம் மூன்றாம் வகுப்பில்தான் விழ ஆரம்பிக்கிறதாம். எல்கேஜிக்கே ஆள் போனால் முந்திக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் போனேன், அந்தப் பையன் என்னையும் முந்திவிட்டான். அடுத்த முறை, சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி என்ற பெண் நம் செங்கோட்டைக்காரர் என்று சொல்லி, அவர் படத்தையும் கொண்டுபோகப் போகிறேன்.

ஓய்வுபெற்ற தாத்தா, திருச்சி:

எனக்கு இதில் பாதிதான் சம்மதம். நாலு வயதில் வேலையைப் பற்றி என்ன பேச்சு? பேரன் படிக்கும் இடத்தில் 'குட்டி விஞ்ஞானி' என்று ஒரு பெட்டியை ஆயிரக்கணக்கில் விலை போட்டு வாங்க வைத்தார்கள். உள்ளே இருந்த ரோபோவை அவன் ஒருநாள் தொட்டான். அட்டைப் பெட்டியை மட்டும் ஒரு மாதம் விடவில்லை. அது வீடு, லாரி, அப்புறம் ராக்கெட். டீச்சரின் முட்டை அட்டைக்கு என் ஓட்டு. பெயர் சொல்வதை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடலாமே?

மண்டபம் டீச்சர் மீண்டும்:

ஐயா, பிள்ளை கேட்டால் சொல்கிறேன், கேட்காவிட்டால் விளையாட விட்டுவிடுகிறேன். நூல் கட்டையை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள், இன்னும் திரும்பி வரவில்லை. அந்த 'பஸ்' பையனும் மனசு மாறிவிட்டான். இப்போது பாலம் ஆகப் போகிறானாம்.