சித்தியின் முறுக்கு டின் முதலுதவிப் பெட்டி

தங்கச்சிமடம் சித்தி: (படம்) மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15 போட் இறங்குகிறது. அதற்குள் முதலுதவிப் பெட்டி ஒன்று சேர்த்துவிட்டேன். என்ன குறை என்று பார்த்துச் சொல்லுமா.

நர்ஸ் அக்கா: முதலில் அந்த முறுக்கு டின்னை மாற்றுங்கள் சித்தி. நம் உப்புக்காற்றில் துருவேறிவிடும். இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா போதும். கத்தரிக்கோலும் துருப்பிடித்த மாதிரி தெரிகிறதே?

தங்கச்சிமடம் சித்தி: அது வலை வெட்டுகிறது 🙈

சவுதி அண்ணன்: வரும்போது இங்கிருந்து முழு செட்டாக வாங்கி வரட்டுமா? சிவப்புப் பை, ஏகப்பட்ட ஐட்டம்.

நர்ஸ் அக்கா: பாதியை நாம் தொடக்கூட மாட்டோம் அண்ணே. நம் வீட்டில் நடப்பது மீன்முள் குத்து, கடல்பாசி எடுக்கும்போது பாரில், அதான் கடலடிப் பாறையில், கிழிபடுவது, அடுப்புச் சூடு, பிள்ளைகளுக்குக் காய்ச்சல், பேதி. சோப்பு, காயத்துக்கு வைக்கிற காஸ் துணி, ஒட்டும் டேப், பீட்டாடின், கையுறை, முள் எடுக்கிற இடுக்கி, பாராசிட்டமால், பேதிக்குக் கரைத்துக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பொடி. இவ்வளவுதான்.

பாம்பன் மாமா: திருக்கை முள் குத்தினால் உன் பெட்டியில் என்ன மருந்து மருமகளே? நாங்கள் சுடுதண்ணீரில்தான் முக்குவோம்.

நர்ஸ் அக்கா: அதேதான் மாமா, அந்த விஷம் சூட்டில் கெட்டுப்போகும். தாங்குகிற சூடு, 45 டிகிரிக்கு மேல் வேண்டாம். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைக்கலாம். குத்துப்பட்ட இடத்தில் சூடு சரியாகத் தெரியாது, நல்ல கையை விட்டுப் பார்த்த பிறகுதான் முக்க வேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ முள் நின்றால் பிடுங்கவே கூடாது, அப்படியே ஆஸ்பத்திரி. எதுவானாலும் டெட்டனஸுக்கான டி.டி. ஊசி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

பாம்பன் மாமா: கடல்பாம்புக்குக் கயிறு வைத்திருக்கிறேன். கடிக்கு மேலே இறுக்கிக் கட்டிவிடுவோம்.

நர்ஸ் அக்கா: ஐயோ, அந்தக் கயிறு நங்கூரத்துக்கே இருக்கட்டும்! இறுக்கினால் கைகால் அழுகிப்போகும். கீறவும் கூடாது, உறிஞ்சவும் கூடாது. ஆளை அசையவிடாமல் படுக்க வைத்துக் கரைக்குக் கொண்டுவாருங்கள்.

பாம்பன் மாமா: வலிக்கவில்லை என்றால்?

நர்ஸ் அக்கா: அங்கேதான் ஏமாறுகிறார்கள். கடி வலிக்காது, அப்புறம்தான் உடம்பெல்லாம் வலி, கண் சொருகல், மூச்சுத்திணறல் வரும். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும்தான், கடல்பாம்புக்குக் கேட்காது. மூச்சு நின்றால் வென்டிலேட்டர்தான். அதனால்தான் நேரத்தைக் கடத்தாதீர்கள் என்கிறேன்.

தங்கச்சிமடம் சித்தி: மாத்திரையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டி வைத்திருக்கிறேன், எடுக்கச் சுலபம்.

நர்ஸ் அக்கா: தேதி அச்சடித்த துண்டு எது, மற்றது எது என்று இனி யாருக்குத் தெரியும் சித்தி? அட்டையோடு வையுங்கள். திறந்த கண்மருந்து ஒரு மாதத்தோடு சரி. கரைத்த ஓ.ஆர்.எஸ். 24 மணி நேரம், மீந்தால் கொட்டிவிடுங்கள். அந்த டூத்பேஸ்ட் எதற்கு?

தங்கச்சிமடம் சித்தி: எண்ணெய் தெறித்தால் தடவ.

நர்ஸ் அக்கா: பல் மட்டும் தேயுங்கள் 😄 சுட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும்.

சவுதி அண்ணன்: பெட்டியை யார் பார்த்துக்கொள்வது? போன தடவை எல்லாம் கட்டியாகிக் கிடந்தது.

தங்கச்சிமடம் சித்தி: ஏப்ரல் 15 போட் கரையேறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை நான் திறந்து பார்க்கிறேன்.

நர்ஸ் அக்கா: இடையில் பத்து மாதம் சும்மா கிடக்குமே. ஐப்பசி மழையில்தான் பிளாஸ்திரி பசை விட்டுப்போகும், அப்போதும் ஒரு தடவை. ஃபிரிட்ஜ் மேலே வேண்டாம், சூடு. பிள்ளைகளுக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள், பூட்டுப் போடாதீர்கள். மூடிக்குள் 108 எழுதி ஒட்டுங்கள். மாமா, போட்டில் 1554, கடலோரக் காவல்படை.

சவுதி அண்ணன்: அப்போ நான் என்னதான் வாங்கி வர?

தங்கச்சிமடம் சித்தி: துருப்பிடிக்காத கத்தரிக்கோல் ஒன்று, நல்ல இடுக்கி ஒன்று.

பாம்பன் மாமா: எனக்கு டார்ச்.