மறு: சீசனிங் – பதப்படுத்துதலா, பழக்குதலா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பிரித்தானியப் பருவகால வீட்டுச் சமையல் கையேட்டின் சொற்பட்டியலில் 'சீசனிங்' (இரும்புப் பாத்திரத்தில் எண்ணெய் தடவிச் சூடேற்றிச் சமையலுக்குத் தயாராக்குவது) என்பதற்குத் தமிழ்ச்சொல் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. நேற்று வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். இடையிடையே பதில் எழுதுகிறேன்.

> 'பதப்படுத்துதல்' என்ற நல்ல சொல் கையில் இருக்கும்போது புதிதாக எதற்கு?

சொல்லில் குறையில்லை, வேலைப்பளுதான் அதிகம். தோலைப் பதப்படுத்துகிறோம், மரத்தைப் பதப்படுத்துகிறோம், மீனையும் பதப்படுத்துகிறோம். இதே கையேட்டில் சனவரி மாதம் செவில் ஆரஞ்சு கடைக்கு வந்ததும் மார்மலேட் காய்ச்சுவதையும், இலையுதிர்காலத்தில் ஆப்பிள் சட்னி போட்டு ஜாடியில் அடைப்பதையும் பதப்படுத்துதல் என்றுதான் எழுதப்போகிறோம். ஒரே பக்கத்தில் ஆப்பிளும் பதப்படும், வாணலியும் பதப்படும் என்றால் படிப்பவர் பாவம்.

'பக்குவப்படுத்துதல்' எனக்கும் பிடிக்கும். ஆனால் அடுப்படியில் பக்குவம் என்பது உணவுக்கு உரியது. பாகின் பக்குவம், மாவின் பக்குவம். பாத்திரத்துக்கும் அதையே கொடுத்தால் மேலே சொன்ன குழப்பம்தான். இன்னொருவர் அனுப்பிய 'பருவமாக்கல்' எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், சீசன் என்றால் பருவம் என்று இயந்திரம் பெயர்த்தது போலிருக்கிறது. அதை விட்டுவிடுவோம்.

> பழக்குதல் மாட்டுக்கும் யானைக்கும் உரியது. உயிரற்ற இரும்பைப் பழக்க முடியுமா?

பழக்கிக்கொண்டுதானே இருக்கிறோம்! புதுத் தோசைக்கல் வாங்கினால் எண்ணெய் தடவிக் காய்ச்சி, வெங்காயம் வதக்கிப் பழக்குகிறோம். மண்சட்டியை வடிகஞ்சி ஊற்றிப் பழக்குகிறோம். நாம் கண்டுபிடிக்க வேண்டிய சொல் அல்ல இது, பட்டியலில் ஏற்ற வேண்டிய சொல். செயலுக்குப் 'பழக்குதல்', செய்யப்பட்டதற்குப் 'பழக்கிய' என்று முடித்துவிடலாம்.

இதே மடலில் 'பேக்ஸ்டோன்' என்பதையும் முடித்துவிடுகிறேன். வேல்ஸில் மார்ச் 1, புனித தாவீது நாளில் சுடும் சிறு வட்ட கேக்குகளுக்கான தட்டு அது. பெயரில் கல் இருக்கிறது, பொருளோ இப்போது கனத்த இரும்பு. நம் தோசைக்கல்லின் கதையேதான். 'சுடுகல்' என்று வைத்தால் விளக்கமே வேண்டாம்.

சரி, சிக்கல் எங்கே என்றால், ஆங்கிலத்தில் செயலுக்கும் சீசனிங், அதனால் உண்டாகும் கறுப்பு அடுக்குக்கும் சீசனிங். 'சீசனிங் போய்விட்டால் மறுபடி செய்க' என்ற வரியை மொழிபெயர்த்துப் பாருங்கள். 'பழக்கம் போய்விட்டால்' என்று எழுதினால் வாணலி ஏதோ குடியை நிறுத்திய மாதிரி இருக்கிறது. அடுக்குக்குத் தனிச்சொல் வேண்டும்.

> 'எண்ணெய்ப் படலம்' போதாதா?

போதாது, ஏனென்றால் அது எண்ணெயே இல்லை. இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயரில் நெதர்ட்டன் ஃபவுண்ட்ரி என்ற பட்டறை செய்யும் வாணலிகளை ஆளிவிதை எண்ணெயில்தான் பழக்குகிறார்கள். அந்த எண்ணெய் சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, திரும்ப உருகாத கெட்டி அடுக்காகிறது. ஓவியரின் எண்ணெய் வண்ணம் இறுகுவதும் இந்த வினையால்தான். வீட்டில் செய்யும்போதும் இது கண்ணுக்குத் தெரியும். எண்ணெயைத் தடவிவிட்டு, தெரியாமல் தடவிவிட்டோம் என்பதுபோல முழுக்கத் துடைத்துவிட்டு, வாணலியைக் கவிழ்த்து ஒரு மணி நேரம் நல்ல சூட்டில் ஓவன் அடுப்பில் வைத்தால் வழவழப்பு இன்றி மங்கலான பழுப்பு ஏறியிருக்கும். மறுபடி மறுபடி செய்யச் செய்யக் கறுக்கும். துடைக்காமல் விட்ட இடத்தில் மட்டும் பிசின் திரண்டு விரலில் ஒட்டும். படலம் என்ற சொல் அந்தப் பிசினுக்குத்தான் பொருந்தும்.

என் பரிந்துரை 'கருங்காப்பு'. 'எண்ணெய்க்காப்பு' என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் அது கோயிலுக்குப் போய்விடுகிறது. கருங்காப்பு என்றால் கறுப்பு வளையல் என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். மின்காப்பைப் பாடநூலில் பார்த்து எவரும் வளையலை நினைப்பதில்லை.

இந்தச் சொல் கையேட்டுக்கு எவ்வளவு தேவை என்பது மாதவாரியாகப் படித்தால்தான் தெரிகிறது. குளிர்காலம் முழுக்க அங்கே கொழுப்புச் சமையல். மாட்டுக்கொழுப்பைப் புகைய விட்டு அதில் மாவை ஊற்றி யார்க்‌ஷயர் புட்டிங் சுடுகிறார்கள். தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாயன்று அப்பம் சுடுகிறார்கள். ஒவ்வொரு சமையலிலும் கருங்காப்பு ஏறும். ஆனால் அதே சனவரி முதல் மார்ச் வரை ருபார்பும் வருகிறது. வேக்ஃபீல்டு, லீட்ஸ், பிராட்ஃபோர்டு ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதியில், இருட்டுக் கொட்டகைக்குள் வளர்த்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பறிக்கும் இளஞ்சிவப்புத் தண்டு. புளிப்பு அதிகம், ஆக்சாலிக் அமிலமும் உண்டு. பழக்கிய இரும்பில் அதை வேகவைத்தால் கருங்காப்பு திட்டுத் திட்டாக உரிந்து சாம்பல் நிற இரும்பு வெளியே தெரியும், சாறு ரோசா நிறம் போய் அழுக்குத் தண்ணீராகும், வாயில் இரும்பு வாடை அடிக்கும். கோடையில் கூஸ்பெரி, அப்புறம் பிராம்லி ஆப்பிள் என்று ஆண்டு முழுக்க ஏதோ ஒரு புளிப்பு வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் நீலக்கரை போட்ட வெள்ளை எனாமல் தட்டுகளும் மண்பாண்டங்களும் அங்கே இரும்போடு சேர்ந்தே அடுக்களையில் இருக்கின்றன. எனாமல் என்பது உலோகத்தின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி. பழத்தின் புளிப்பு அதை ஒன்றும் செய்யாது. (எனாமல் நமக்கு எனாமலாகவே இருக்கட்டும். பாட்டிமார் வாயில் புழங்கிய சொல்லுக்கு மாற்று தேடுவது வீண்வேலை.)

ஆக கையேட்டின் வரி இப்படி வரும்: 'ருபார்பைப் பழக்கிய இரும்பில் வேகவைக்க வேண்டாம், கருங்காப்பு உரிந்துவிடும். எனாமல் பாத்திரமே ஏற்றது. உரிந்துவிட்டால் மீண்டும் பழக்குக.' இதில் பழக்குக்குப் பதில் பதப்படுத்து போட்டுப் படித்துவிட்டு எதிர்ப்பு எழுதுங்கள்.

> வார்ப்பிரும்பு என்றே எல்லாவற்றுக்கும் போட்டுவிடலாமே?

கூடாது. வார்ப்புக்குத் தனி வரலாறு இருக்கிறது. மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு ஆபிரகாம் டார்பி காப்புரிமை பெற்றது 1707இல். ஈராண்டில் கோல்புரூக்டேல் உலையில் மரக்கரிக்குப் பதில் கற்கரியால் (கோக்) இரும்பு உருக்கினார். அதே ஷ்ரோப்ஷயரில் மேலே சொன்ன வாணலிகள் வார்க்கப்படுவதில்லை. தட்டையான இரும்பு வட்டத்தைச் சுழலவிட்டு, அச்சின் மேல் அழுத்தி அழுத்திக் குழியாக்குகிறார்கள். அதனால் மெலிதாக, எடை குறைவாக இருக்கும். இதைக் 'கடைந்த இரும்பு' என்றால் சீவல் விழும் வேலை என்று ஆகிவிடும், இங்கே எதுவும் சீவப்படுவதில்லை. குயவர் சக்கரத்தில் செய்வதற்கு நம்மிடம் 'வனைதல்' இருக்கிறது. வார்ப்பிரும்பு, வனைவிரும்பு என்று இணையாக வைக்கலாம் என்பது என் எண்ணம். மண்ணுக்கு உரிய வினையை உலோகத்துக்குத் தரலாமா என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லட்டும்.

பழக்குதல், சுடுகல் இரண்டுக்கும் மறுப்பு வராது என்று நினைத்துப் பட்டியலில் ஏற்றிவிட்டேன். கருங்காப்பையும் வனைவிரும்பையும் கேள்விக்குறியோடு போட்டிருக்கிறேன். வரும் ஞாயிறுக்குள் சொல்லுங்கள். வளையல் காரணத்தைத் தவிர வேறு காரணம் இருந்தால் நல்லது.