சோப்பின் நடுவில் கருவட்டம்: ஜெல்லைத் தடுப்பதா, முழுசாக விடுவதா?

வேளச்சேரியில் வீட்டிலேயே கோல்ட் பிராசஸ் முறையில் (அடுப்பில் வேகவைக்காமல், எண்ணெயில் காஸ்டிக் சோடா கரைசலைக் கலந்து அச்சில் ஊற்றி) சோப்பு செய்கிறேன். ஏப்ரலிலிருந்து ஊற்றிய 3 தடவையும் ஒரே சிக்கல். வெட்டினால் நடுவில் கண்ணாடி மாதிரி கருத்த வட்டம், ஓரமெல்லாம் வெளிறிய சந்தன நிறம். விரலால் தடவினால் வழவழப்பு இரண்டிலும் ஒன்றுதான், பார்வைக்குத்தான் திட்டு. ஊற்றிய சோப்பு தன் சூட்டிலேயே இளகி கண்ணாடி போல ஆவதுதான் ஜெல்; இங்கே நடு மட்டும் அப்படி ஆகி, பாதி ஜெல்லில் நின்றிருக்கிறது என்று புரிகிறது.

தேங்காய் எண்ணெய் 350 கிராம், ஆலிவ் 550, விளக்கெண்ணெய் 100, காஸ்டிக் சோடா 143, தண்ணீர் 290. சிலிகான் அச்சு. ஊற்றும்போது கலவை 38 டிகிரி, அறையில் 34.

முதலில் துண்டு சுற்றாமல் வைத்தேன். அப்புறம் தண்ணீரை 240 கிராமாகக் குறைத்தேன். வட்டம் சிறுத்தது, போகவில்லை. போன வாரம் ஃபிரிட்ஜில் 12 மணி நேரம் வைத்தேன். ஓரம் குளிர்ந்தது, நடு மட்டும் சூடேறி, கோடு இன்னும் அழுத்தமாக விழுந்தது.

இந்தச் சென்னை வெயிலில் ஒரே நிறம் கிடைக்க, மிதமான சூட்டில் அவனில் (oven) வைத்து முழுசாக ஜெல் ஆக விடலாமா, இல்லை சின்னச் சின்ன அச்சில் ஊற்றி ஜெல்லே வராமல் தடுப்பதா?