கொழுப்புக் கணக்கும் கூட்டு மருந்தும்: எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் அனுபவங்கள்

நாமக்கல் மாவட்டம், 48 வயதுப் பெண்

வணக்கம். அரசு 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து நான் சிகிச்சையில் சேர்ந்தேன். முதலில் கிடைத்தவை ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின். அவற்றால் உயிர் பிழைத்தேன்; ஆனால் ஸ்டாவுடினால் கன்னம் ஒட்டி, கைகால்களில் நரம்பு புடைத்து, பார்ப்பவர்கள் எல்லாம் என்ன நோய் என்று கேட்கும்படி ஆனது. இப்போது டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரையைச் சாப்பிடுகிறேன். வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையிலேயே இருக்கிறது.

சென்ற தை மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 252, நல்ல கொழுப்பு 34, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு 486 என்று வந்தது. கெட்ட கொழுப்புக்கு நேராக எண்ணே இல்லை, ஒரு கோடு மட்டும் இருந்தது. என் நிலையை அறிந்த ஒரே உறவினர், அந்த மாத்திரைதான் கொழுப்பை ஏற்றுகிறது, ஒரு மாதம் நிறுத்திப் பார் என்கிறார். கோழிப்பண்ணைகள் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு இரண்டு மாதமாக முட்டையைத் தொடாமல் இருக்கிறேன். இப்படி எண்கள் வந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மதுரை, 57 வயது ஆண்

சகோதரி, முதலில் ஒன்று: மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். சிகிச்சையை விட்டு விட்டு எடுப்பவர்களையும் தொடர்ந்து எடுப்பவர்களையும் ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வு 2006இல் வெளியானது. விட்டு விட்டு எடுத்தவர்களிடையேதான் இறப்பும் இதய நோயும் கூடுதலாக இருந்தன. கொழுப்புக்குப் பயந்து மருந்தை நிறுத்தினால், இதயத்துக்கு அதைவிடப் பெரிய தீங்கு வைரஸிடமிருந்தே வரும்.

அடுத்தது என் கதை. எனக்கு முதல் வரிசை மருந்து பலனளிக்காமல் போனதால், 2014 முதல் லோபினாவிர், ரிட்டோனாவிர் சேர்ந்த இரண்டாம் வரிசை மருந்தில் இருந்தேன். இந்த வகை மருந்து ட்ரைகிளிசரைடை ஏற்றக்கூடியது என்று ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும் அரசு மையத்தில், முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் கொலஸ்ட்ரால் கூடியபோது நான் மையத்துக்குப் போகவில்லை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் என்பதால், அடிக்கடி அங்கே போவதை யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம். எங்கள் பகுதித் தனியார் மருத்துவரிடம் போனேன். வேறு ஏதேனும் மருந்து எடுக்கிறீர்களா என்று அவர் தெளிவாகவே கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் வகை மருந்தான அடோர்வாஸ்டேடின் 40 மில்லிகிராம் எழுதினார். அவர் மீது எந்தக் குறையும் இல்லை.

மூன்றாம் வாரம் தொடைகளில் வலி தொடங்கியது. பிறகு மாடிப்படி ஏற முடியவில்லை. ஒரு நாள் காலை சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனதைக் கண்டு, மகளையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். தசை சிதைவதைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி, 200 அளவில் இருக்க வேண்டியது, 11,000ஐத் தாண்டியிருந்தது. சிறுநீரகம் கெடாமல் இருக்க ஆறு நாள் நரம்பு வழியே நீர் ஏற்றினார்கள். அங்கேதான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னேன். ரிட்டோனாவிர், கல்லீரலில் பல மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதியைத் தடுத்துவிடும். அதனால் நான் விழுங்கிய 40 மில்லிகிராம் உடலுக்குள் பல மடங்காகத் தேங்கிவிட்டது என்று விளக்கினார்கள். ரிட்டோனாவிருடன் இன்னொரு ஸ்டேடினான சிம்வாஸ்டேடினைச் சேர்க்கவே கூடாது, அடோர்வாஸ்டேடினாக இருந்தால் மிகக் குறைந்த அளவில் கண்காணிப்போடு மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நம் ஒப்புதல் இல்லாமல் நம் நிலையை வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடைசெய்கிறது. அதை முன்பே அறிந்திருந்தால் அந்த மருத்துவரிடம் பொய் சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அச்சம் அவ்வளவு இருந்தது. மகள் திருமணம் நல்லபடியாக நடந்தது.

சென்னை, ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்

அம்மா, அந்தக் கோட்டைப் பார்த்துக் கலங்க வேண்டாம். பெரும்பாலான ஆய்வகங்களில் கெட்ட கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து நல்ல கொழுப்பையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துக் கணக்கிடுகிறோம். ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும் என்பதால் எண்ணைப் போடாமல் விடுகிறோம். அப்போது மொத்தத்திலிருந்து நல்ல கொழுப்பை மட்டும் கழித்துப் பார்க்கலாம். உங்களுக்கு அது 218, கவனிக்க வேண்டிய அளவுதான்.

நான் மேசையருகே நின்று கண்ட இன்னொன்றையும் சொல்கிறேன். வெறும் வயிறா என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். விடியற்காலைப் பேருந்தில் வந்தவர்கள் இடையில் குடித்த பால் போட்ட டீயைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அது ட்ரைகிளிசரைடைத் தூக்கிவிடும். தண்ணீர் தவிர எதுவும் எடுக்காமல், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ஒரு முறை பாருங்கள். அதோடு ரத்தச் சர்க்கரையையும் தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் இப்போது எடுக்கும் மாத்திரை பொதுவாக ட்ரைகிளிசரைடை இந்த அளவுக்கு ஏற்றுவதில்லை. டெனோபோவிர் கொழுப்பைச் சற்றுக் குறைக்கவே செய்யும். காரணம் வேறெங்கோ இருக்கலாம். முட்டையை விட்டதால் ட்ரைகிளிசரைடு பெரிதாக இறங்காது. சோறும் சர்க்கரையும் மதுவும்தான் அதை வளர்ப்பவை.

கோயம்புத்தூர், 39 வயது ஆண்

மது என்ற சொல்லைப் பார்த்ததால் எழுதுகிறேன். எனக்கு ட்ரைகிளிசரைடு 1,300ஐத் தாண்டி, கணைய அழற்சியால் எட்டு நாள் மருத்துவமனையில் கிடந்தேன். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி அது. குடியை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

வேலூர், 52 வயதுப் பெண்

என் எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் மருத்துவர் ஸ்டேடின் எழுதியபோது எனக்குக் கோபமே வந்தது. ஏற்கெனவே எத்தனை மாத்திரை! அவர் பொறுமையாக விளக்கினார். வைரஸ் அடங்கியிருந்தாலும் நம் உடலில் ஒரு மெல்லிய அழற்சி தொடர்ந்துகொண்டே இருக்கிறது. ரத்தக் குழாய்களில் படிவு சேர அதுவும் ஒரு காரணம், கொழுப்பு எண்களை மட்டும் வைத்து நம் ஆபத்தை அளந்துவிட முடியாது என்றார். இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயது வரையிலான 7,769 எச்.ஐ.வி. உள்ளோரிடம் பிட்டாவாஸ்டேடின் என்ற ஸ்டேடினைச் சோதித்த ரிப்ரீவ் ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்திருந்தன. நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: ஸ்டேடின் எடுத்தவர்களிடையே புதிதாகச் சர்க்கரை நோயும் தசைவலியும் சற்றுக் கூடுதலாக இருந்தன. யோசித்துத்தான் ஒப்புக்கொண்டேன். இப்போது இரவு உணவுக்குப் பின் எடுத்துவருகிறேன்.

நாமக்கல் மாவட்டம், 48 வயதுப் பெண் (ஐந்து மாதங்களுக்குப் பின்)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மாத்திரையை நிறுத்தவில்லை. சென்னை ஐயா சொன்னபடி மறுபடி பார்த்ததில் ட்ரைகிளிசரைடு 451. ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.4 என்று வந்தது. எனக்குச் சர்க்கரை நோய் இருந்ததே தெரியாமல், பழியையெல்லாம் உயிர் காத்த மாத்திரை மீது போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சர்க்கரை மருத்துவர் வேறொருவர், புதியவர். மதுரை அண்ணன் எழுதியதை நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். கைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து மேசை மேல் வைக்கும்போது கை நடுங்கியது. அவர் மருந்தின் பெயரைப் படித்துவிட்டு, தாம் எழுதிய சீட்டை அடித்துத் திருத்தினார். டோலுடெக்ராவிர் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை மருந்தான மெட்பார்மின் ரத்தத்தில் கூடுதலாகத் தேங்கும், எனவே ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றார். வேறு எதையும் கேட்கவில்லை. வெளியே வந்து சற்று நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

நாளைக்கு ஐந்து முறை குடித்த சர்க்கரை டீ இரண்டு முறை சர்க்கரை இல்லாத டீயாகியிருக்கிறது. இரவுச் சோற்றை விட்டுவிட்டேன். சென்ற வாரம் மொத்தம் 205, நல்ல கொழுப்பு 35, ட்ரைகிளிசரைடு 212. கோடு இருந்த இடத்தில் இப்போது 128 என்று எண் வந்திருக்கிறது. சர்க்கரையும் இருப்பதால் அடோர்வாஸ்டேடின் 10 மில்லிகிராம் தொடங்கியிருக்கிறார்கள்; என் மாத்திரையோடு அது மோதாது என்று மையத்திலும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். காலையில் ஒரு முட்டை சாப்பிடுகிறேன்.