கல்லும்மக்காய் சாகும் முன் என்ன காட்டுகிறது? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

படன்னாவிலிருந்து

கேரளத்தில் காசர்கோடு பக்கம் படன்னா காயலில் கல்லும்மக்காய் (நாரால் ஒட்டி வாழும், பச்சை ஓடுள்ள சிப்பி) வளர்க்கும் பெண்கள் குழுக்களோடு வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் குளச்சல் பக்கம். 1990களின் பின்பாதியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கற்றுக்கொடுத்த முறைதான் இன்றும் இங்கே நடக்கிறது. குஞ்சுகளைக் கயிற்றின் மேல் பரப்பி, கொசுவலைத் துணியால் சுற்றித் தைத்து, நவம்பர் டிசம்பரில் மூங்கில் சட்டத்தில் தொங்கவிடுவார்கள். சில நாளில் குஞ்சு நார் விட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். துணி தானாக மட்கிப்போகும். ஏப்ரல், மே மாதத்தில் அறுவடை. ஜூனில் பருவமழை இறங்கினால் காயலில் உப்பு குறைந்துவிடும், அதற்குள் எடுத்தாக வேண்டும்.

ஒரு மே மாதம் விலை மிகவும் இறங்கிக் கிடந்தது. வாங்க வந்த வியாபாரி, கொஞ்சம் பொறுத்தால் விலை ஏறும் என்றார். குழுவின் சேச்சிமார் (அக்காமார்) கயிறுகளை அப்படியே விட்டுவைத்தார்கள். வங்கிக் கடன் இருந்தது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோடைமழை முன்கூட்டியே கொட்டியது.

மறுநாள் போய்ப் பார்த்தபோது எல்லாக் காயும் வாயை இறுக மூடியிருந்தன. ஒன்றும் சாகவில்லை என்று எல்லோருக்கும் நிம்மதி. எனக்கோ அதுதான் பயத்தைக் கொடுத்தது. உப்பு குறைந்த தண்ணீர் உள்ளே வராமல் இருக்கத்தான் அது மூடிக்கொள்கிறது. மூடினால் மூச்சும் இல்லை, இரையும் இல்லை. உடம்பில் சேர்த்துவைத்த கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பை ஆக்சிஜன் இல்லாமலே செலவழித்துக்கொண்டு கிடக்கும். அதில் அமிலம் சேரும். அந்த அமிலத்தைத் தணிக்கத் தன் ஓட்டுச் சுண்ணாம்பையே கரைத்துக்கொள்ளும். இப்படிச் சில நாள் தாக்குப்பிடிக்கலாம், அதற்கு மேல் முடியாது.

பிறகு வெயில் ஏறியது. நடு வரிசைக் கயிறுகளில்தான் சாவு தொடங்கியது. ஓரத்துக் கயிறுகளில் பாதிக்கு மேல் பிழைத்தன. இரண்டு பக்கமும் பெய்தது ஒரே மழை. காயலில் இடம் போதாமல் சட்டத்தோடு சட்டம் ஒட்டிக் கட்டியிருந்ததால் நடுவில் நீரோட்டம் மந்தமாகி, ஆக்சிஜனும் இரையும் குறைந்து, அங்கிருந்த காய்கள் மழைக்கு முன்பே மெலிந்திருந்தன. செத்த ஒன்று அழுகினால் பக்கத்துத் தண்ணீரும் கெடும். எல்லோரும் மழையைத்தான் பழிக்கிறார்கள். என் கணிப்பில் நெருக்கம்தான் முதல் காரணம்.

இன்னொன்றும் உண்டு. மழைக்கு முன்னமே, கயிற்றைத் தூக்கும்போது கொத்துக் கொத்தாகக் காய் உதிர்ந்தது. நார் வலுவிழந்திருந்தது. சூடும் அமிலத்தன்மையும் கூடினால் நார் தளரும் என்பதை அமெரிக்கப் பசிபிக் கரை மட்டிகளில் (கல்லும்மக்காயின் உறவு இனம்) ஆய்வு செய்தே காட்டியிருக்கிறார்கள். உங்கள் ஊரில் எதைப் பார்த்தீர்கள்?

எண்ணூரிலிருந்து

அண்ணே, எங்க முகத்துவாரத்துல பச்சை ஆழி (நீங்க சொல்ற கல்லும்மக்காய்தான்) தானாவே வளரும், கயிறு கட்டி வளர்க்குறதில்ல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய்க் கசிவு வந்து ஆறு பூரா படிஞ்சுச்சு. வலை, படகு, அலையாத்தி வேரு எல்லாத்துலயும் எண்ணெய். ஆழி ஓடி ஒளியுற ஜீவன் இல்ல, வர்ற தண்ணிய வடிகட்டித்தான் சாப்பிடணும்.

அதுக்கு முன்னாலயே வந்த தொல்லை காக்கா ஆழி. தென்னமெரிக்கக் கடற்கரை இனமாம், கப்பல் வழியா வந்திருக்கும்னு சொல்றாங்க. ஆத்துப் படுகைய பாய் விரிச்ச மாதிரி மூடிடுச்சு. அடியில இருந்த மஞ்ச மட்டி மூச்சுத் திணறிச் செத்துச்சு, இறால் பதுங்க சேறு கெடைக்கல. நீங்க சொல்ற உப்புக் குறைவு எல்லாம் அதுக்கு ஒண்ணும் ஆகல. மழையிலயும் நிக்குது, கோடையிலயும் நிக்குது. கையால தடவி இறால் பிடிக்குற பொம்பளைங்களுக்குத்தான் பெரிய அடி, அது ஓடு கையைக் கிழிக்குது. நம்ம ஜீவன் நொந்து கெடக்குற இடத்துலதான் அது சுலபமா குடியேறுதுன்னு எனக்குத் தோணுது.

வான்கூவரிலிருந்து

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில இருக்கிறன். வளர்ப்பு பற்றி எனக்குப் பெரிசாத் தெரியாது, ஆனா 2021 ஜூன் கடைசியில வந்த வெக்கையை மறக்க ஏலாது. உள்நாட்டில லிட்டன் எண்ட ஊரில ஜூன் 29ஆம் திகதி 49.6 பாகை. அந்த நாட்களில கடல் நல்லா வத்தினது பகல் நேரத்தில. பாறையில ஒட்டியிருந்த மட்டி முழுக்க வெயிலுக்குள்ள அகப்பட்டிட்டுது.

கடற்கரைக்குப் போன எனக்குக் காரில இருந்து இறங்கினவுடன நாத்தம் அடிச்சுது. கிட்டப் போய்ப் பாத்தா எல்லாம் வாய் பிளந்து, உள்ள சதை அவிஞ்ச மாதிரி இருந்தது. பிறகு பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில கிறிஸ் ஹார்லி எண்ட ஆய்வாளர், இந்தக் கரையோரத்தில நூறு கோடிக்கு மேல கடல் உயிர்கள் செத்திருக்கும் எண்டு கணக்குச் சொன்னார். பாறையின்ர சூடு 50 பாகையைத் தாண்டினதாம். ஆனா நிழல் விழுந்த பக்கத்தில, அதே பாறையில, கன மட்டி உயிரோட இருந்ததை நானே கண்டனான்.

பக்கத்து வாஷிங்டன் மாநிலத்தில அந்த ஜூலை சிப்பியை அவிக்காமப் பச்சையாச் சாப்பிட்ட கன பேருக்கு விப்ரியோ கிருமியால வருத்தம் வந்தது. ஒரு கேள்வி: கயிற்றில எப்பவும் தண்ணிக்குள்ள தொங்கினா இந்தச் சூட்டுக்குத் தப்புமோ?

கன்னியாகுமரியிலிருந்து

இங்க பாறையில முங்கி சிப்பி எடுக்குற குடும்பம் நாங்க. ஒண்ண மட்டும் சொல்லணும். நொந்துபோன சிப்பியைக் கண்டுபிடிக்கலாம், தட்டினா மூடாது, மணம் மாறும். விஷம் ஏறின சிப்பி அப்படி இல்ல, கொழுத்து நல்லாவே இருக்கும். 1997 செப்டம்பர்ல விழிஞ்ஞத்துல சிப்பி சாப்பிட்டு 7 பேர் இறந்தாங்க, நூத்துக்கணக்கான பேர் ஆஸ்பத்திரியில. கடல்ல பெருகின நுண்பாசியோட நஞ்சு அது, வேகவச்சாலும் போகாது. கடல் நிறம் மாறியிருந்தா எங்க அப்பா இறங்க விடமாட்டார். தயவுசெய்து யாரும் கண்ணால பார்த்து மட்டும் முடிவு பண்ணாதீங்க.

படன்னாவிலிருந்து, மறுபடியும்

குமரிக்காரர் சொன்னது மிக முக்கியம், நான் எழுதியிருக்க வேண்டிய விஷயம், நன்றி.

வான்கூவர் அக்காவுக்கு: காற்றின் வெக்கையிலிருந்து தப்பும், தண்ணீரே சூடானால் தப்பாது. பிரான்சில் தோ ஏரியில் 2018 ஆகஸ்டில் தண்ணீர் சூடாகி ஆக்சிஜன் தீர்ந்து, தொங்கிக்கொண்டிருந்த மட்டிகள் ஏறக்குறைய மொத்தமாகச் செத்தன. ஸ்பெயினின் எப்ரோ கழிமுகத்தில் 28 பாகையைத் தாண்டினாலே சாவு தொடங்கும், அதனால் கோடை உச்சிக்கு முன்பே அறுவடையை முடிக்கப் பார்க்கிறார்கள். அங்கே இருப்பது மிதவெப்பக் கடல் இனம். நம் பச்சை இனம் அதைவிடச் சூடு தாங்கும், ஆனால் சூடும் உப்புக் குறைவும் நெருக்கமும் சேர்ந்து வந்தால் அதுவும் தாங்காது.

எண்ணூர்த் தம்பிக்கு: காக்கா ஆழி கேரளக் காயல்களிலும் வந்துவிட்டது. கயிற்றில் நம் குஞ்சுகளுக்கு இடையே அது ஒட்டுகிறதா என்று ஒவ்வொரு முறை தூக்கும்போதும் பார்க்கிறோம். படம் இருந்தால் போடுங்கள், சேச்சிமாருக்குக் காட்ட வேண்டும்.

இந்தப் பருவத்துக்கு இரண்டு ஏற்பாடு செய்திருக்கிறோம். உப்பு பார்க்கும் கருவி ஒன்று குழுவின் கையிலேயே இருக்கும், ஏப்ரலிலிருந்து தினமும் பார்ப்பார்கள், விழத் தொடங்கினால் விலைக்குக் காத்திராமல் பெரிய காயை முதலில் எடுத்துவிடுவது. மற்றது, சட்டத்துக்குச் சட்டம் தோணி போகும் அளவு இடைவெளி. எங்கள் குழு ஒத்துக்கொண்டது. இடம் குறையும் என்று பக்கத்துக் குழுக்கள் தயங்குகின்றன, ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்கார்ந்து பேசப் போகிறோம்.