புதுப்பிப்பு: சஸ்காட்சுவான் நாமினேஷன், டொராண்டோ வேலை

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணம் கொடுத்த நாமினேஷனில் (மாகாணத்தின் பரிந்துரை) பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வாங்கி அங்கே ரெஜைனா நகரில் குடியேறியாச்சு, இப்போது வேறு மாகாணமான ஒன்டாரியோவில், டொராண்டோவில் வேலை கிடைக்கிறது, போனால் பி.ஆர். பறிபோகுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டு வருஷம் சஸ்காட்சுவானிலேயே இருந்தாகணும் என்று நிறையப் பேர் சொன்னீர்கள். வக்கீலிடம் கேட்டுவிட்டேன், ஃபெடரல் சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே இல்லை. பி.ஆர். ஆன பிறகு எந்த மாகாணத்திலும் குடியிருக்கலாம், வேலை பார்க்கலாம். 1982 உரிமைச் சாசனத்தின் 6-ஆம் பிரிவு கொடுக்கும் உரிமை அது. பி.ஆரைத் தக்கவைக்க ஐந்து வருஷத்தில் 730 நாள் இருக்கணும் என்ற விதியும் கனடா முழுவதற்கும் பொது, எந்த மாகாணத்தில் இருந்தாலும் கணக்கில் சேரும்.

சிக்கல் வேறு இடத்தில். பி.ஆர். கைக்கு வரும்வரை, நாமினேட் செய்த மாகாணத்தில் குடியிருக்கும் எண்ணம் நிஜமாகவே இருந்திருக்க வேண்டும். விமானம் இறங்கியதும் நேரே டொராண்டோ பக்கத்தில் பிராம்ப்டனில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டு, பின்னால் யாராவது தோண்டி, பொய்த் தகவல் கொடுத்ததாக முடிவானால் பி.ஆர். போவதோடு கனடாவுக்குள் வர 5 வருஷத் தடையும் உண்டு. அதனால் ரெஜைனா வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், விண்ணப்பித்த கம்பெனிகளிடமிருந்து வந்த 'வருந்துகிறோம்' மெயில்கள் (இதற்காவது உதவட்டும்) எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன்.

சரி, வேலையை ஏற்றுக்கொண்டாச்சு, வாடகை வீட்டு ஓனரிடமும் சொல்லியாச்சு. அப்புறம், தொழில்முனைவோர் பிரிவில் வந்தவர்கள் இதை வைத்து முடிவெடுக்காதீர்கள், உங்களுக்கு மாகாணத்தோடு தனி ஒப்பந்தம் இருக்கும், முதலில் அதைப் படியுங்கள்.