'செட்' என்ற சொல்லுக்கு 430 அர்த்தமா, ஒரே அர்த்தமா?

கடைசி பெஞ்ச்:
எங்கள் வாட்ஸப் குழுவில் நேற்று ஒருவர் போட்டிருந்தார். ஆங்கிலத்தில் 'செட்' என்ற ஒரு சின்னச் சொல்லுக்கு 430 அர்த்தம் இருக்கிறதாம், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே சொல்கிறதாம், அதனால் உலகத்திலேயே குழப்பமான மொழி அதுதானாம். கீழே வரிசையாகக் கைதட்டல். எனக்கு ஒப்பவில்லை. சூரியன் செட் ஆகிறது, சிமெண்ட் செட் ஆகிறது, ஜெல்லி செட் ஆகிறது, கடிகாரத்தில் அலாரம் செட் செய்கிறோம். இதெல்லாம் தனித்தனி அர்த்தமா, அல்லது ஒரே ஆள் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறானா? 430 என்பது வெறும் கணக்கு வித்தை. மறுப்பவர்கள் வரலாம்.

வாத்தியார்67:
வந்துவிட்டேன் தம்பி. 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு இரண்டாம் பதிப்பு 20 தொகுதி. அதில் இந்த ஒரு சொல்லின் விளக்கம் மட்டும் ஏறக்குறைய 60,000 வார்த்தை, ஒரு நாவல் அளவு. ஒவ்வொரு பொருளுக்கும் எந்த ஆண்டில், எந்த நூலில், எந்த வாக்கியத்தில் வந்தது என்று மேற்கோள் வைத்திருக்கிறார்கள். அதை வித்தை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட முடியாது. நான் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன். 'செட் அவுட்' என்றால் கிளம்புவது, 'செட் இன்' என்றால் மழைக்காலம் மாதிரி வந்து நிலைகொள்வது, 'செட் ஆஃப்' என்றால் வெடியைக் கொளுத்துவது, 'செட் அசைட்' என்றால் ஒதுக்கிவைப்பது, கோர்ட்டில் அதுவே தீர்ப்பை ரத்து செய்வது. போதாததற்கு நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் உருவம் ஒன்றே. எல்லாம் ஒரே அர்த்தம் என்றால் என் பிள்ளைகள் ஏன் வருடாவருடம் அதே இடத்தில் தடுக்கி விழுந்தார்கள்?

மிக்சர் பொட்டலம்:
செட் தோசையை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். நான் வெளிநடப்பு செய்கிறேன்.

பிழைதிருத்தி:
இரண்டு திருத்தம். முதலாவது, 'செட்' சாம்பியன் என்பது பழைய செய்தி. அதே அகராதியைத் திருத்தி எழுதும் வேலையை 'எம்' எழுத்திலிருந்து தொடங்கினார்கள். 2000இல் 'மேக்' முந்தியது, 2007இல் 'புட்', 2011இல் 'ரன்' 645 அர்த்தத்தோடு மேலே போய்விட்டது. 'ரன்' என்ற சொல்லுக்குத் திடீரென்று புத்தி வளர்ந்துவிடவில்லை, உட்கார்ந்து பிரித்தவர்கள் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார்கள்.

இரண்டாவது, 'செட்' ஒரு சொல்லே இல்லை, குறைந்தது இரண்டு. வினைச்சொல் பழைய ஆங்கிலத்துச் சொந்தச் சரக்கு, உட்காருவதைச் சொல்லும் 'சிட்' என்பதன் உறவு. 'டீ கப் செட்' என்கிற கூட்டப் பொருள் வேறு வீட்டுப் பிள்ளை. லத்தீன் 'செக்டா', பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மதப்பிரிவைச் சொல்லும் 'செக்ட்'டும் அதே குடும்பம்தான். ஒலி ஒன்றாக இருந்ததால் போகப்போக இரண்டும் கலந்துவிட்டன.

கடைசி பெஞ்ச்:
'சிட்'டின் உறவு என்றால் என்ன உறவு? உட்காருவது 'சிட்', உட்கார வைப்பது 'செட்'. அமர், அமர்த்து. விழுவது 'ஃபால்', மரத்தை வீழ்த்துவது 'ஃபெல்'. நம் இலக்கண வகுப்பில் தூங்கி வழிந்த அதே தன்வினை பிறவினை! அப்படியானால் என் கட்சி ஜெயித்தது. அலாரத்தை ஏழு மணியில் அமர்த்துகிறோம், பொறியை அமர்த்துகிறோம், சிமெண்ட் அமர்ந்துவிட்டது, சூரியனும் போய் உட்கார்ந்துவிட்டது.

பிழைதிருத்தி:
சூரியன் விஷயத்தில் நீங்கள் விளையாட்டாகச் சொன்னது உண்மை. பழைய ஆங்கிலத்தில் அஸ்தமனத்துக்கு 'செட்ல்காங்' என்று ஒரு சொல், இருக்கைக்குப் போவது என்று பொருள்.

வாத்தியார்67:
வேர் ஒன்று என்பதால் பொருள் ஒன்றாகிவிடாது. நம் 'வை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். குழம்பு வைத்தாள், பெயர் வைத்தார்கள், மீசை வைத்தான், பரீட்சை வைத்தார்கள், பந்தயம் வைத்தான், கண் வைத்துவிட்டார்கள், சிரிக்க வைத்தான். புதிதாகத் தமிழ் படிக்க வந்த ஒருவரிடம் 'எல்லாம் ஒன்றுதான், ஒரு பொருளை ஓர் இடத்தில் இருத்துவது' என்று சொல்லிப் பாருங்கள், குழம்பை எங்கே இருத்துவது என்று கேட்பார். நமக்குத் தாய்ப்பாலோடு வந்ததால் அது நாற்பது அர்த்தம் என்று தெரிவதில்லை, அவ்வளவுதான். இதில் தமிழுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. திட்டுவதும் 'வை'தான், ஆனால் இறந்தகாலத்தில் அவன் 'வைதான்', இவன் 'வைத்தான்' என்று பிரிந்துவிடும். ஆங்கில 'செட்'டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கொழும்பு மெயில்:
மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன் என்ற முறையில் வாத்தியார் ஐயா பக்கம் நிற்கிறேன். எனக்கு இது தத்துவம் இல்லை, பிழைப்பு. 'செட்' வந்தால் ஓரிடத்தில் மறைந்தது, ஓரிடத்தில் இறுகியது, ஓரிடத்தில் தொகுதி, ஓரிடத்தில் அரங்கம் என்று எழுதுகிறேன். எத்தனை தமிழ்ச்சொல் தேவைப்படுகிறதோ அத்தனை அர்த்தம். கணிதத்தில் வருகிற 'செட்'டை நீங்கள் கணம் என்கிறீர்கள், எங்கள் பள்ளிக்கூடத்தில் அது தொடை. எதுகை மோனையும் தொடை, காலில் இருப்பதும் தொடை. எங்கள் வகுப்பில் ஆசிரியர் 'வெறுந்தொடை' என்று கரும்பலகையில் எழுதிய அன்று பாடம் அதோடு முடிந்தது.

கடைசி பெஞ்ச்:
வெறுந்தொடைக்குச் சிரித்து முடித்துவிட்டேன், ஆனால் உங்கள் அளவுகோல் சரியில்லை. 'ரைஸ்' என்பதை வயலில் நெல் என்போம், கடையில் அரிசி, தட்டில் சோறு. அதனால் 'ரைஸ்' என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தம் என்று எந்த ஆங்கிலேயனாவது சொல்வானா? 'பிரதர்' என்றால் அண்ணனா தம்பியா என்று நமக்குத்தான் தெரிய வேண்டியிருக்கிறது, அவன் ஒரே அர்த்தத்தில்தான் சொல்கிறான். நம் மொழியின் வரப்பை அவன் வயலில் போட்டுவிட்டு, பார், எத்தனை பாத்தி என்று எண்ணக் கூடாது.

கொழும்பு மெயில்:
அரிசிக் கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாத்தியே இல்லை, ஒரே வயல் என்று நீங்கள் கதைப்பதும் அதே பிழைதான்.

பிழைதிருத்தி:
தொல்காப்பியம் 'வினை வேறுபடூஉம் பல பொருள் ஒரு சொல்' என்று ஒன்றைச் சொல்கிறது. உரைகளில் வரும் உதாரணம் 'மா'. மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு. பக்கத்துச் சொல் வந்து உட்கார்ந்ததும் குழப்பம் தீர்ந்தது. வாட்ஸப் பதிவு விட்டது இதைத்தான். 430 அர்த்தமும் ஒரே நேரத்தில் யார் மண்டைக்குள்ளும் வந்து நிற்பதில்லை.

எண்ணுவதற்கு வேறு வழி இருக்கிறது, வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு பொருளை ஒரே வினையில் கட்டுங்கள். 'சிமெண்டும் ஜெல்லியும் செட் ஆயின' என்றால் யாருக்கும் சிரிப்பு வராது, அது ஒரே அர்த்தம். 'சூரியனும் ஜெல்லியும் ஆறு மணிக்கு செட் ஆயின' என்றால் சிரிப்பு வருகிறது, அங்கே இரண்டு. 'குழந்தைக்குப் பெயரும் வீட்டில் குழம்பும் வைத்தாள்' என்று சொல்லிப் பாருங்கள், அதே கதை. இப்படி எண்ணினால் 430 வராது என்று நினைக்கிறேன், ஆனால் நிச்சயமாக ஒன்றும் வராது.

வாத்தியார்67:
இதை நான் வகுப்பில் இருந்தபோது சொல்லியிருக்கக் கூடாதா ஐயா.

மிக்சர் பொட்டலம்:
வெளிநடப்பு முடிந்து திரும்பிவிட்டேன். நம்மிடம் பம்பு செட், பல் செட், சினிமா செட், 'அவன் எங்க காலேஜ் செட்டு', பேராசிரியர் வேலைக்கு எழுதுகிற செட் தேர்வு (அது முதலெழுத்துச் சுருக்கம், தெரியும், திருத்த வராதீர்கள்) எல்லாம் இருக்கிறது. அதற்கும் மேலே ஒன்று. என் அண்ணனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து அம்மா, 'அந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு செட் ஆகாது' என்றார். பாட்டி விடவில்லை. 'ஏன்டி, நல்லா செட்டாத்தானே இருக்கா, ஒரு பைசா வீணா செலவு பண்ண மாட்டா போலிருக்கே' என்றார். பாட்டியுடையது சிக்கனம் என்கிற தமிழ்ச் 'செட்டு', கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துவது. அம்மாவுடையது ஆங்கிலம். ஆனால் பொருந்தாது என்கிற பொருளில் ஆங்கிலேயனிடம் 'செட் ஆகாது' என்றால் அவன் முழிப்பான். அந்த 431ஆவது அர்த்தம் நாம் போட்டது.

கடைசி பெஞ்ச்:
அந்தச் 'செட் ஆகாது' எந்தச் செட்? டீ கப் செட்தானே, ஜோடி சேராது என்று?

வாத்தியார்67:
இல்லை தம்பி, சிமெண்ட் செட். பிடிக்காது, இறுகாது, ஒட்டாது.

பிழைதிருத்தி:
'சிமெண்டும் மாப்பிள்ளையும் செட் ஆகவில்லை.' எனக்குச் சிரிப்பு வருகிறது ஐயா.